ஒரு சாண் மூச்சு

முதல் தடவை அது வந்தது ஒரு வெள்ளிக்கிழமை இரவு. வெள்ளிக்கிழமைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் அன்று மரக்கறிச் சாப்பாடு. அதை ஒழுங்காகச் சாப்பிட்டு, அம்மாவுக்கு முன்னால் திருநீறும் பூசிவிட்டு, பத்தரை மணிக்கு "போனுக்கு ரீலோட் போட்டுக்கொண்டு வாறன்" என்று கீழே இறங்கி, காலி வீதியில் கோழிக் கொத்துரொட்டி தின்றவன் நான். சீஸ் போட்டது. அம்மா இணையத்தில் வாசிப்பவர் அல்ல என்ற துணிவில் இதை எழுதுகிறேன்.

திரும்பி வந்து அப்படியே படுத்துவிட்டேன். ஒரு மணிக்குக் கிட்டவாக விழிப்பு வந்தது. விழிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, எழுந்து நின்ற பிறகுதான் எழுந்தது தெரிந்தது. தொண்டையில் புளிப்பாக, சுள்ளென்று ஏதோ ஏறியிருந்தது. மூச்சை இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். நெஞ்சு தூக்குகிறது, வயிறு உள்ளே ஒட்டுகிறது, விலாவுக்கு நடுவில் தோல் குழிவது தெரிகிறது, காற்று மட்டும் இல்லை. எண்ணெய் காணாத கேற் திறப்பதுபோல ஒரு கீச்சுச் சத்தம் முதலில் என் கழுத்திலிருந்து வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி. பல்கனிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். ஏன் ஓடினேன் என்று கேட்டால் தெரியாது. மரைன் டிரைவ் பக்கமிருந்து உப்புக்காற்று சேர்ட்டைத் தூக்கி அடிக்கிற அளவுக்கு வீசிக்கொண்டிருந்தது. அவ்வளவு காற்றும் முகத்தில் வந்து மோதுகிறது, ஒரு துளி உள்ளே போகவில்லை. அந்த அநியாயத்தை நினைத்தால் இப்போதும் கோபம்தான் வருகிறது.

மனைவி பின்னாலேயே ஓடி வந்தாள். "என்னப்பா? என்ன செய்யுது? சொல்லுங்கோவன்!"

சொல்வதற்குக் காற்று வேண்டுமே. முதுகில் ஓங்கி அடித்தாள். தண்ணீர்க் கிளாசைக் கொண்டுவந்து வாயில் வைத்தாள். சத்தம் கேட்டு எழுந்து வந்த அம்மா உச்சந்தலையில் தட்டத் தொடங்கினார். "புரைக்கேறிட்டுது. ஆரோ நினைக்கினம்." நடுச்சாமத்தில் என்னை நினைக்கிற ஆள் யார் என்று மனைவி அப்போது கேட்கவில்லை. அந்தக் கேள்வி விடிந்த பிறகு வந்தது.

எப்படித் தொடங்கியதோ அப்படியே விட்டது. முதலில் நூல் அளவு காற்று, விசிலடித்துக்கொண்டு. பிறகு கயிறு அளவு. பிறகு இருமல். சீமெந்துத் தரையில் குந்தியிருந்து நாய் மாதிரி இரைத்தேன். எனக்கு அது அரை மணித்தியாலம். மனைவியின் கணக்கில் ஒரு நிமிடம்கூட இல்லை. அடுத்த இரண்டு நாள் குரல் கம்மிப்போய்க் கிடந்தது.

அமுக்குப் பேய் என்று அம்மா முடிவு கட்டினார். கோவிலில் நூல் மந்திரித்துக் கையில் கட்டினார். நூல் கட்டி மூன்றாம் கிழமை மீண்டும் வந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள், பேய்க்கு நேரம் காலம் கிடையாது என்பதுபோல, புறக்கோட்டையில் எங்கள் கந்தோரில், பட்டப்பகலில், பிளேன்டி குடித்துக்கொண்டே யாருடைய பகிடிக்கோ சிரித்தபோது வந்தது. கணக்குப் புத்தகத்தின் மேல் தேத்தண்ணி சிந்தியது இன்னும் இருக்கிறது, மார்ச் மாதப் பக்கத்தில் பழுப்பாக.

கொழும்பில் வருத்தம் என்றால் சனல் பண்ணுவதுதான், அதாவது காசு கட்டி இலக்கம் எடுத்து வைத்தியரைப் பார்ப்பது. எனக்குக் கிடைத்தது முப்பத்து நான்காம் இலக்கம். இரண்டு மணித்தியாலம் காத்திருந்து, உள்ளே நான்கு நிமிடம். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். ஈசிஜி எடுக்கச் சொன்னார், பழுதில்லை. இரவில் மூச்சு முட்டுகிறது, சத்தம் வருகிறது, சின்ன வயதில் தகப்பனுடைய செத்தல் மிளகாய்க் கடையில் வளர்ந்தவன் என்றெல்லாம் கேட்டுவிட்டுத் தொய்வு, அதாவது ஆஸ்துமா, என்றார். நீல நிற இன்ஹேலர் ஒன்று எழுதித் தந்தார். மூன்று மாதம் அதைச் சட்டைப்பையில் காவிக்கொண்டு திரிந்தேன். அது வருகிற நேரத்தில் எடுத்து அழுத்தினால், மருந்து பூட்டிய கதவில் அடித்த வாசனைத் தண்ணீர்போல வாய்க்குள்ளேயே நின்றது. உள்ளே இழுத்தால்தானே மருந்து போகும்?

அந்த வைத்தியரைத் திட்டி ஒரு பந்தி எழுதலாம், கை துடிக்கிறதுதான். ஆனால் அவர் பார்த்த நேரம் என் நெஞ்சு துப்புரவாக இருந்தது. கள்ளன் வந்துபோன வீட்டில் பொலிஸ் வந்து பார்ப்பதுபோலத்தான் இந்த வருத்தத்துக்கு வைத்தியம் பார்ப்பது. அவர் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை, நானும் அதைச் சொல்லத் தெரியாமல் இருந்தேன்: மூச்சை எடுக்கக் கஷ்டமா, விடக் கஷ்டமா?

இந்த ஒரு கேள்விக்குள் பாதி வைத்தியம் இருக்கிறது. தொய்வில் சுருங்குவது நெஞ்சுக்குள்ளே இருக்கிற சின்னச் சின்னக் குழாய்கள். போன காற்று வெளியே வரத்தான் அங்கே பெரும் பாடு. விடும்போது இழுபடும் சத்தம் நெஞ்சிலிருந்து வரும், மெல்ல ஏறும், மணிக்கணக்கில் நிற்கும். எனக்கு வந்தது நேர்மாறு. மூச்சை எடுக்கும்போதுதான் தடை, சத்தம் கழுத்திலிருந்து, வந்தது சடுதியாக, போனதும் சடுதியாக.

இதை எனக்குச் சொன்னவர் ஒரு காது மூக்குத் தொண்டை வைத்தியர். சிங்களவர், ஐம்பது வயதிருக்கும், எனக்குத் தெரிந்த சிங்களமும் அவருக்குத் தெரிந்த தமிழும் நடுவில் ஆங்கிலமுமாகக் கதைத்தோம். மூக்கில் கசப்பாக ஒரு மருந்தை விசிறி மரத்துப்போக வைத்தார். பிறகு இடியப்ப இழையைவிடக் கொஞ்சம் தடித்த, வளைகிற ஒரு குழாயை மூக்குவழியாக இறக்கினார். "பய வென்ன எபா," என்றார். பயப்பட வேண்டாமாம். முன்னால் இருந்த திரையில் என் தொண்டை.

ஐம்பது வருடமாக என்னோடு இருக்கிற ஒன்றை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஈரமான இளஞ்சிவப்புக் கிணறு ஒன்று. அதன் நடுவில், வீட்டுக் கூரையின் இரண்டு சரிவுபோல, வெள்ளையாக இரண்டு நாடாக்கள், குரல் நாண்கள். "ஈ… சொல்லுங்க," என்றார். இரண்டும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு துடித்தன. "இப்ப மூக்கால உறிஞ்சுங்க." அவ்வளவுதான், படலையைக் காலால் தள்ளியதுபோல இரண்டும் அகல விரிந்து, கீழே மூச்சுக்குழலின் வளையங்கள்கூடத் தெரிந்தன. அவர் அதை மூன்று நான்கு தடவை செய்யவைத்தார். ஏன் என்று பிறகுதான் விளங்கியது. குரல்வளையின் பின்பக்கத்தைச் சுட்டிக்காட்டினார். வெற்றிலை போட்ட வாய்போலச் சிவந்து தடித்திருந்தது. இரைப்பையிலிருந்து மேலே வருகிற அமிலத்தின் வேலை என்றார். நெஞ்செரிவே இல்லை என்றேன். பலருக்கு நெஞ்செரிவு இல்லாமலே இது ஏறும் என்றார். அப்போதுதான் கோழிக் கொத்தை ஒப்புக்கொண்டேன். வருத்தத்தின் பெயரையும் அப்போதுதான் சொன்னார், லரிஞ்சோஸ்பாசம். குரல்வளை இசிவு.

வீட்டுக்கு வந்து பெயரைச் சொன்னதும் மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள், வீட்டில் ஒருவருக்கும் ஒரு வருத்தமும் வராதா என்று காத்திருப்பவள்.

குரல்வளை என்றால் குரலுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன், பெயரே அப்படித்தானே. மகள் சிரித்தாள். கதைப்பது அதன் மேலதிக உழைப்பாம். மூல வேலை காவல். சாப்பாடு போகிற வழியும் காற்றுப் போகிற வழியும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. காலி வீதியில் பாதசாரிக் கடவைபோல. ஒவ்வொரு தடவை விழுங்கும்போதும் குரல்வளை மேலே எழும்பி, அதன் மூடி சரிந்து, நாண்கள் ஒட்டி, மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு மீண்டும் திறக்கிறது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை. நுரையீரல் மீன் என்று ஒன்று இருக்கிறது, அதற்குக் குரலும் இல்லை ஒன்றும் இல்லை. தண்ணீர் நுரையீரலுக்குள் போகாமல் இறுக்கிப் பிடிக்கத் தசை வளையம் ஒன்று மட்டும் இருக்கிறது. நாங்கள் பாடுவதும் ஏசுவதும் அந்தக் காவல்காரனுக்குப் பின்னால் வந்த பழக்கங்கள்.

அந்தக் காவலுக்கு உளவு சொல்வது மேல் குரல்வளை நரம்பு. வேகஸ் நரம்பின் கிளை. வேகஸ் என்றால் லத்தீனில் அலைந்து திரிவது. பெயருக்கு ஏற்றபடிதான் இருக்கிறது: மூளையின் அடித்தண்டிலிருந்து கழுத்து, நெஞ்சு, வயிறு என்று போகாத இடமில்லை. நாண்களை அசைக்கிற இடப்பக்கக் கிளை கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் மேலே ஏறுகிறது. ஒட்டகச்சிவிங்கியிலும் அதே சுற்றுத்தானாம், பல மீற்றர் நீளத்துக்கு. பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு மொறட்டுவையைச் சுற்றி வருகிற பஸ். குரல் கம்மிப்போய்க் கிழமைக்கணக்கில் நின்றால் வைத்தியர் நெஞ்சுக்கும் எக்ஸ்ரே கேட்பது இதனால்தான் என்பதையும் மகளே சொன்னாள்.

ஒரு துளி அமிலம், எச்சில், தண்ணீர், சில வேளை வெறும் வாசனை, குரல்வளையின் மேல்தோலில் பட்டால் அந்த நரம்பு செய்தியை மேலே கொண்டுபோகும். மூளைத்தண்டு யோசிக்கிற மூளையிடம் கேட்பதில்லை. மூடு என்று கட்டளை வரும். சாதாரணமாக இருமிவிட்டு உடனே திறக்கும். இசிவு என்பது மூடியது திறக்க மறந்து நிற்பது. நாண்கள் மட்டுமல்ல, அவற்றுக்கு மேலே உள்ள மடிப்புகளும் சேர்ந்து இறுகும்.

"அப்பா, மூடுறதுக்கு அங்க கனபேர் இருக்கினம். திறக்கிறதுக்கு ஒரு சோடித் தசைதான்," என்றாள் மகள். படத்தில் காட்டினாள், பின்பக்கம், இரண்டு சின்னச் சிவப்புத் துண்டு. மூக்கால் உறிஞ்சும்போது வேலை செய்வது அதுதான்.

இந்த இடத்தில் எனக்கு அப்பா நினைவுக்கு வந்தார்.

அப்பாவின் கடை புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் இருந்தது. செத்தல் மிளகாய், மல்லி, சீரகம். கடைக்குள் வருகிற எவரும் முதலில் தும்முவார், பிறகுதான் விலை கேட்பார். 1983 யூலையில் அது எரிந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. எரிந்த மிளகாயின் நெடி தெருவே தாங்க முடியாமல் இருந்தது என்று பிறகு சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டு வருடம் கழித்து அதே தெருவில் வேறொரு சின்ன இடத்தில் அப்பா மீண்டும் தொடங்கினார். அந்தக் கடைக்கு இரும்பு ஷட்டர் இருந்தது. அதற்குப் பிறகு அவர் செத்துப்போகும்வரை, தெருவில் லொறியின் டயர் வெடித்தாலும், புது வருடத்துக்குப் பையன்கள் சீனவெடி கொளுத்தினாலும், ஷட்டர் கீழே வந்துவிடும். கறகறவென்று ஒரே இழுவை. உள்ளே வாடிக்கையாளர் நிற்கிறார், தராசில் சாமான் இருக்கிறது, பட்டப்பகல், அதெல்லாம் இல்லை. கை போய்விடும். இருட்டில், மிளகாய்த் தூசிக்குள், நாங்கள் எல்லோரும் இருமிக்கொண்டு நிற்போம். வெளியே ஆபத்து ஒன்றுமில்லை. மூச்சு முட்டுவது உள்ளே இருக்கிறவர்களுக்குத்தான்.

வைத்தியர் அதைத்தான் வேறு சொற்களில் சொல்லியிருந்தார். அமிலம் பட்டுப் பட்டுப் புண்ணான குரல்வளைக்கு, அல்லது கடும் தடிமன் ஒன்று வந்துபோன பிறகு நரம்பு கூசிப்போன குரல்வளைக்கு, எது பெரிய ஆபத்து எது சின்னது என்று பிரித்தறியத் தெரியாதாம். ஒரு மிடறு பிளேன்டிக்கும் கடலளவு தண்ணீருக்கும் ஒரே பதில்.

எங்கள் உறவில் ஒரு மச்சாள் மயக்கமருந்து வைத்தியர். ஒரு கலியாண வீட்டில், இடைச்சாப்பாட்டு நேரத்தில், இதைப் பற்றிக் கேட்டுவிட்டேன். பாவம், பலகாரத் தட்டோடு நின்றவர். சத்திரசிகிச்சைக் கூடத்தில் இது அவர்களுக்குத் தினப்படி எதிரியாம். நோயாளி முழு மயக்கத்திலும் இல்லை, முழு விழிப்பிலும் இல்லை என்கிற அந்த நடுப் பருவத்தில், மூச்சுக்கு வைத்த குழாயை வெளியே எடுக்கிற நேரம், ஒரு சொட்டு இரத்தமோ எச்சிலோ நாண்களில் பட்டால் போதும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குக் கூட. தொண்டைச் சதை எடுக்க வருகிற பிள்ளைக்குத் தடிமன் இருந்ததா, வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பதா என்று அவர்கள் துருவித் துருவிக் கேட்பது அதற்காகத்தான். இரண்டும் இதன் அபாயத்தைக் கூட்டும். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்கிற தகப்பன்மார் இருக்கிறார்களாம். இதை வாசிக்கிற தகப்பன்மாரே, தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

"சத்தம் கேட்டால் நாங்கள் பெரிசாப் பயப்பிடுறதில்லை," என்றார் மச்சாள். "சத்தம் நிண்டால்தான்."

கீச்சுச் சத்தம் என்றால் கொஞ்சமாவது காற்றுப் போகிறது. நெஞ்சு மட்டும் தூக்கிக்கொண்டு சத்தமே இல்லையென்றால் முழுக்கப் பூட்டு. அப்போது முகமூடியை இறுக்கிப் பிடித்து முழு ஒட்சிசனை அழுத்தத்தோடு கொடுப்பார்கள். காதுச் சோணைக்குப் பின்னால், தாடை எலும்புக்கும் பின்னால் உள்ள எலும்பு முண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதை இரண்டு பக்கமும் விரலால் அழுத்தித் தாடையை முன்னே தள்ளுவதும் உண்டு. லார்சன் என்கிற அமெரிக்க மயக்கமருந்து வைத்தியர் 1998இல் அதை எழுதி வைத்தபிறகு உலகம் முழுக்க அவர் பெயரில் வழங்குகிறது. அதற்கும் விடாவிட்டால் மயக்கத்தைக் கூட்டுவார்கள், கடைசியாகத் தசையைத் தளர்த்துகிற ஊசி. மச்சாள் பேசிக்கொண்டே தன் காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினார். எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியப்பா ஏதோ காதுக்குத்துச் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டார்.

நான் உண்மையில் கேட்க விரும்பியது வேறு. அந்த ஒரு நிமிடத்தில் செத்துப்போவேனா? மச்சாள் கணக்கில் பதில் சொன்னார், எனக்குக் கணக்கில் சொன்னால்தான் விளங்கும் என்று தெரிந்தவர். சும்மா இருக்கிற உடம்புக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் ஒட்சிசன் வேண்டும். மூச்சை விட்டு முடித்த பிறகும் வளர்ந்த ஆளின் நுரையீரலில் இரண்டு, இரண்டரை லீற்றர் காற்று மிச்சம் நிற்கும். அதிலும் இரத்தத்திலும் உள்ள கையிருப்பு, நல்ல உடம்பென்றால், ஒரு நிமிடத்தைத் தாண்ட விடும். விழித்திருக்கிற ஆளுக்கு வருகிற இசிவு பெரும்பாலும் அதற்குள் தானாகவே விடும். நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருப்பதில் ஒரு பங்கு காபனீரொட்சைட்டு ஏறுவதால், மற்றது வெறும் பயத்தால். கையிருப்பு முடிந்ததால் அல்ல. "கணக்கில காசு இருக்கு, வங்கிக் கதவுதான் பூட்டு," என்றார். குண்டான உடம்புக்கும் கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைக்கும் கையிருப்பு குறைவு என்பதையும் சொன்னார். என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பூட்டின கதவை இழுப்பதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. சாதாரண மூச்சுக்கு நெஞ்சுக்குள் சொற்ப இழுவை போதும். மூடின குரல்வளைக்கு எதிராக இழுக்கும்போது அது பல மடங்கு ஏறுகிறது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு இசிவு வந்த திடகாத்திரமான இளைஞர்களுக்கு, அந்த இழுவையின் வலுவாலேயே இரத்தக் குழாய்களிலிருந்து நீர் நுரையீரலுக்குள் உறிஞ்சப்பட்டு, இளஞ்சிவப்பு நுரை வந்ததுண்டு. பலசாலிக்குத்தான் அது கூடுதலாக வரும் என்பது எனக்கு விசித்திரமாகப் பட்டது.

காலி முகத்திடலில் தம்பிலி இளநீர் வாங்கிக் குடித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். இப்போது கடதாசி ஸ்ட்ரோதானே தருகிறார்கள். இரண்டு நிமிடத்தில் நனைந்து தொய்ந்துவிடும். அவசரப்பட்டு உறிஞ்சினால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு ஒரு சொட்டும் வராது. கோபத்தில் இன்னும் உறிஞ்சினால் இன்னும் ஒட்டும். விட்டுவிட்டு, மெதுவாக, ஏதோ வேண்டா வெறுப்பாக உறிஞ்சினால் வரும். ஒடுங்கின இடத்தில் காற்று வேகமாகப் பாயப் பாய அங்கே அழுத்தம் குறைந்து பக்கச் சுவர்கள் உள்ளே இழுபடும். குரல் நாண்களிலும் அதே பௌதிகம். நான் பல்கனியில் நின்று உயிரைக் கொடுத்து இழுத்த ஒவ்வொரு இழுப்பும் கதவை இன்னும் இறுக்கித்தான் இருக்கிறது. மனைவி தந்த தண்ணீர், பூட்டின குரல்வளையின் தலையில் விழுந்து காவல்காரனை இன்னும் மிரட்டியிருக்கும். முதுகில் விழுந்த அடிகளுக்கும் வேலையில்லை, உள்ளே சிக்கியது ஒன்றுமில்லாதபடியால். இறைச்சித் துண்டோ மீன்முள்ளோ உண்மையாகவே அடைத்திருந்தால் கதை வேறு. அப்போது முதுகில் அடிக்கத்தான் வேண்டும், வயிற்றைப் பிடித்து அமுக்கத்தான் வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆள் கழுத்தைப் பிடித்தால் இசிவு என்று நினைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

எனக்கு அந்தக் காது மூக்குத் தொண்டைக்காரர் பழக்கித் தந்தது மிகச் சின்ன வேலை. வாயை மூடு. இழுப்பதை நிறுத்து. இரண்டு மூன்று விநாடி சும்மா நில். பிறகு, பூ ஒன்றை மணப்பதுபோல, மூக்கால் சின்னதாக உறிஞ்சு. "நஹயென் ஹுஸ்ம கன்ன" என்று அவர் என் மூக்கைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். பிறகு உதட்டைக் குவித்து, சூடான தேத்தண்ணியை ஊதுவதுபோல மெல்ல விடு. மீண்டும் மண. திரையில் என் நாண்கள் படலைபோல விரிந்ததைப் பார்த்திருந்ததால் நான் நம்பினேன். அதைப் பார்க்காமல் எவராவது சொல்லியிருந்தால், மூச்சு நின்றவனிடம் மூச்சை நிறுத்து என்கிறானே என்று அடித்திருப்பேன்.

மற்றதெல்லாம் வீட்டு வேலை. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு, படுக்கை பத்துக்குப் பிறகு, நடுவில் மூன்று மணித்தியாலம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே அரைச் சாண் உயரத்துக்குப் பலகைக் கட்டை. தலையணையைக் கூட்டினால் சரிவராது, வயிறு மடங்கி இன்னும் அமுக்கும். இடப்பக்கம் சரிந்து படுத்தால் இரைப்பை உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே தொங்கும், அமிலம் ஏறக் கஷ்டம். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன், அமிலத்தைக் குறைக்கிற ஒமிப்ரசோல். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் பலன் குறைவு என்று மருந்துக்கடைப் பிள்ளை சொன்னது. வெள்ளிக்கிழமைக் கொத்து நின்றுபோனது. இதை எழுதும்போது அதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

எல்லா இசிவுக்கும் அமிலம்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் சின்ன மாமிக்குத் தைரொயிட் சுரப்பியை எடுத்த அடுத்த நாள் உதட்டைச் சுற்றிச் சுண்டியது, விரல்கள் முறுக்கிக்கொண்டன, பிறகு கழுத்தில் இதே கீச்சுச் சத்தம். அந்தச் சுரப்பிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற நான்கு குட்டிச் சுரப்பிகள் அடிபட்டு இரத்தத்தில் கல்சியம் விழுந்திருந்தது. நாளத்தில் கல்சியம் ஏற்றியதும் நின்றது. அங்கே மூக்கால் மணந்துகொண்டிருந்தால் ஒன்றும் நடந்திராது. அதேபோல, உதடு நீலம் பாரிக்கிறது, ஆள் மயங்குகிறார், உணவு ஒவ்வாமையால் முகம் வீங்குகிறது என்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதுதான், காசும் கட்டத் தேவையில்லை. சொந்தக்காரருக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நான் வைத்தியன் இல்லை, கணக்கெழுதுகிறவன். இவ்வளவையும் தெரிந்துகொண்டதற்குக் காரணம், பெயர் தெரியாமல் இருந்த அந்த எட்டு மாதமும் படுக்கப் பயந்து கதிரையில் இருந்து தூங்கியவன் என்பதுதான். அப்படி யாராவது இப்போது ஒரு கதிரையில் இருக்கலாம்.

கடைசியாக வந்தது போன மாதம். கட்டையும் ஒமிப்ரசோலும் இருந்தும் வந்தது, ஏனென்று தெரியாது. தடிமன் ஒன்று வந்துபோயிருந்தது. இரண்டரை மணி. எழும்பி உட்கார்ந்தேன். கீச்சுச் சத்தம் ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு இல்லை. கை தானாகவே கட்டில் விளிம்பைப் பிடித்தது, நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. மனைவி எழும்பிவிட்டாள். முதுகில் அடிக்கவில்லை. கையை மட்டும் என் தோளில் வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். ஒண்டு. ரெண்டு. மூண்டு.

வாயை மூடினேன். அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று எழுதத் தெரியவில்லை.

அப்பா ஷட்டரை இழுத்துவிட்டால் திரும்ப ஒரேயடியாகத் திறக்க மாட்டார். சத்தம் அடங்கியபிறகு குனிந்து, கீழ்ப்பிடியில் கை வைத்து, ஒரு சாண் மட்டும் தூக்குவார். அந்தச் சாணுக்குள்ளால் வெளியே போகிற கால்களைப் பார்ப்பார். செருப்புக் கால், சப்பாத்துக் கால், மூட்டை தூக்குகிற நாட்டாமையின் வெறுங்கால். கால்கள் ஓடாமல் நடக்கின்றன என்றால் இன்னொரு சாண். நாங்கள் பிள்ளைகள் அந்த இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு தரையோடு படுத்திருப்போம், மிளகாய் இல்லாத காற்றுக்காக.

பதினொன்று என்று மனைவி எண்ணும்போது மூக்கால் மணந்தேன். திருநீற்றின் மணம் வந்தது, அம்மா எப்போது வந்து பூசினாரோ. பதினாறில் இன்னும் கொஞ்சம். இருபத்தைந்துக்குப் பிறகு அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

"விட்டுட்டுதோ?"

தலையை ஆட்டினேன். வாசலில் அம்மா நின்றார், கையில் திருநீற்றுக் கிண்ணம்.

"ஆரோ நினைக்கினம்," என்றார் அம்மா.

"நினைக்கட்டும் மாமி, நீங்கள் போய்ப் படுங்கோ," என்றாள் மனைவி.